கங்காருவை விரட்டும் ஒலிக் கருவி: வாங்கிய காசுக்குப் பயன் உண்டா?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஆடு வளர்த்தும் கோதுமை பயிரிட்டும் வாழும் பண்ணையாளர்களுக்குப் பொழுது சாயத் தொடங்கினாலே ஒரு கவலை. உரம் வாங்கவோ, ஆட்டுக்கு மருந்து வாங்கவோ காலையில் ஊருக்குப் போன வண்டி இருட்டுவதற்குள் வீடு வந்து சேரவேண்டும். ஊர் என்பது அங்கே கூப்பிடு தூரத்தில் இருப்பதில்லை. நூறு கிலோ மீட்டர், இருநூறு கிலோ மீட்டர் என்று தள்ளியிருக்கும். வழியில் விளக்கு கிடையாது, வீடு கிடையாது, பல இடங்களில் தொலைபேசியும் எடுக்காது. அந்தச் சாலையோரங்களுக்குத்தான் அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் கங்காருக்கள் மேய்ச்சலுக்கு வருகின்றன.

கங்காரு என்றால் முயலைப் போலத் தாவுகிற சாதுப் பிராணி என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். முழு வளர்ச்சி பெற்ற ஆண் செங்கங்காரு 80 கிலோவுக்கு மேல் எடை இருக்கும்; நிமிர்ந்து நின்றால் ஆள் உயரம். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி இதன்மேல் மோதினால் முகப்பு விளக்கு நொறுங்கும், ரேடியேட்டர் பொத்துக்கொள்ளும், சில வேளை விலங்கு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளேயே வந்து விழும். மோதலைத் தவிர்க்கச் சட்டென்று திருப்பி, வண்டி கவிழ்ந்தோ மரத்தில் மோதியோ உயிர் விட்டவர்களும் உண்டு. விலங்கு மோதிய சேதத்துக்காக அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வரும் கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதி கங்காரு மோதியவையே. பெரிய நிறுவனத்தின் லாரி என்றால் காப்பீடு பார்த்துக்கொள்ளும். ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கும் சிறிய பண்ணையாளருக்கு, அறுவடை சமயத்தில் வண்டி பட்டறையில் மூன்று வாரம் நின்றால் அந்த நஷ்டத்தை யாரும் ஈடுகட்டுவதில்லை.

இப்படிப் பயந்திருப்பவரிடம் விற்பதற்கென்றே சந்தைக்கு வந்ததுதான் ஒலிக் கருவி.

கருவியும் அதன் வாக்குறுதியும்

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மலிவானது. சிறு ஊதலைப் போன்ற பிளாஸ்டிக் குழல். வண்டியின் முன்புறத்தில் ஒட்டிவிட்டால், ஓடும்போது காற்று புகுந்து ஊதும். இன்னொன்று விலை கூடியது. வண்டியின் முன்னே, அங்குள்ளவர்கள் பொருத்தியிருக்கும் கனத்த இரும்புத் தடுப்பின் மீது ஒரு சிறு பெட்டியைப் பூட்டி, பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, உரத்த, கூர்மையான ஒலியை முன்பக்கம் பாய்ச்சுவது. 'ஷூ ரூ' என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் பரவலாக விற்கப்பட்டது இந்த இரண்டாம் வகைதான். மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை இது எழுப்புகிறது. கங்காருவின் காதுக்கு அது நன்றாகக் கேட்கும். 400 மீட்டர் முன்னாலிருந்தே விலங்கு எச்சரிக்கை அடைந்து விலகிவிடும் என்பது விற்றவர்களின் கூற்று.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கங்காருவின் காது பெரியது, இரண்டும் தனித்தனியே திரும்பக்கூடியது. நாய்க்கும் வௌவாலுக்கும் நமக்குக் கேட்காத ஒலி கேட்கும் என்பதும் தெரிந்த விஷயம். ஆகவே பலர் வாங்கினார்கள். பேருந்துகளிலும் லாரிகளிலும்கூடப் பூட்டினார்கள்.

சோதித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

மெல்போர்ன் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த ஹெலினா பெண்டர், காப்பீட்டுத் துறை, சாலைப் போக்குவரத்துத் துறை ஆகியவற்றின் ஆதரவோடு இந்தக் கருவியை முறையாக ஆராய்ந்து 2001இல் அறிக்கை தந்தார். அவர் செய்த வேலையின் வரிசை கவனிக்கத்தக்கது. கங்காருவை விரட்டுகிறதா என்பதற்கு முன்பாக, கருவி சொன்னபடி ஒலிக்கிறதா என்பதை முதலில் அளந்தார்.

அங்கேயே கதை கந்தலாகிவிட்டது. கருவி எழுப்பிய ஒலியில் மீயொலியின் பங்கு சிறிதளவே. மீதி எல்லாம் நம் காதுக்கும் கேட்கக்கூடிய ஒலிதான். வண்டி நின்றுகொண்டிருந்தபோது அந்த ஒலியைச் சுமார் 50 மீட்டர் வரைதான் அளவுக் கருவியால் பிடிக்க முடிந்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் எஞ்சின் இரைச்சல், டயர் இரைச்சல், காற்றிரைச்சல் ஆகியவற்றில் அது அமுங்கிப் போயிற்று.

அடுத்து, அடைத்து வளர்க்கப்பட்ட கிழக்குச் சாம்பல் கங்காருக்களுக்கும் செங்கங்காருக்களுக்கும் இந்த ஒலியைக் கேட்கச் செய்து, அவற்றின் நடத்தை குறிக்கப்பட்டது. மேய்வதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்ப்பதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எழுந்து ஓடவும் இல்லை. மூன்றாவதாக, தொலைதூரம் ஓடும் வண்டிகளில் கருவி பூட்டியவற்றையும் பூட்டாதவற்றையும் எடுத்துக்கொண்டு, ஓடிய தூரத்துக்கு எத்தனை கங்காரு மோதின என்று கணக்கிட்டார்கள். அதிலும் வேறுபாடு தெரியவில்லை. அளவிலும் தோல்வி, விலங்கிடமும் தோல்வி, சாலையிலும் தோல்வி. ஒரே பொருள் மூன்று விதமான சோதனையிலும் விழுந்த பிறகு, 'இன்னும் ஆராயவேண்டும்' என்று இழுப்பதற்கு அதிக இடமில்லை.

ஒலியின் இயல்பே இடங்கொடுப்பதில்லை

குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் தயாரிப்பு சரியில்லை, வேறு கம்பெனி நல்லதாகச் செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒலியின் இயல்பிலேயே சிக்கல் இருக்கிறது.

பக்கத்து ஊரில் திருவிழா நடந்தால் இரவில் தவில் சத்தம் நம் வயல்வரை கேட்கும். அதே மேளக்காரரோடு உட்கார்ந்து தட்டுகிற ஜால்ரா கேட்பதில்லை. தாளக்காரர் மெதுவாகத் தட்டுகிறார் என்பது முழுக் காரணமல்ல. கனத்த ஒலியைக் காற்று தூரத்துக்குக் கொண்டுபோகும். கூரிய ஒலியை வழியிலேயே குடித்துவிடும். ஒலி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சீக்கிரம் தேயும். மீயொலி என்பது ஜால்ராவையும் தாண்டிய கூர்மை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒலியின் வலிமையை டெசிபல் என்ற அளவால் சொல்வார்கள். எந்த ஒலியும் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையும். கருவியிலிருந்து ஒரு மீட்டரில் இருந்த வலிமை 50 மீட்டரில் 34 டெசிபல் குறைந்திருக்கும். 400 மீட்டரில் 52 டெசிபல் குறையும். இது பரவுவதால் ஏற்படும் இழப்பு மட்டுமே. இதற்கு மேல், 20 கிலோ ஹெர்ட்ஸ் அளவுள்ள மீயொலியில் காற்றே மீட்டருக்குச் சுமார் அரை டெசிபல் வீதம் உறிஞ்சிக்கொள்கிறது. 50 மீட்டரில் இன்னும் 25. 400 மீட்டரில் இன்னும் 200. ஆக 400 மீட்டருக்கு மொத்த இழப்பு 250 டெசிபலுக்கு மேல். பக்கத்தில் நின்று கேட்டால் காதைக் கிழிக்கும் சங்கொலியே 120 டெசிபல் சுற்றுப்புறத்தில்தான் இருக்கும். வண்டியில் பூட்டக்கூடிய எந்தப் பெட்டியும் இந்த இழப்பைத் தாண்டி 400 மீட்டருக்கு மீயொலியை அனுப்ப முடியாது. பேட்டரியைப் பெரிதாக்கினாலும் முடியாது.

சரி, 50 மீட்டருக்குக் கேட்கிறதே, அது போதாதா? மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க இரண்டு வினாடிகூட ஆகாது. அதற்குள் மேய்ந்துகொண்டிருந்த விலங்கு ஒலியைக் கேட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று அறிந்து, எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்து, தாவி விலகவேண்டும். நன்றாகக் கேட்டாலும் அவகாசம் போதாது. கேட்பதே சந்தேகம் என்கிறபோது சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஓட்டுநருக்கும் இதே கணக்கு பொருந்தும். கண்ணில் பட்டு, கால் பிரேக்கில் பதிவதற்கு ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ மீட்டர் வேகத்தில் காய்ந்த தார்ச் சாலையில் வண்டி நிற்கச் சுமார் 100 மீட்டர் வேண்டும். 80 கிலோ மீட்டரில் சுமார் 70 மீட்டர். 60 கிலோ மீட்டரில் 45 மீட்டர். தாழ்த்திய விளக்கு தெளிவாகக் காட்டும் தூரம் 50, 60 மீட்டர்தான். அந்தியில் 60 கிலோ மீட்டரில் போகிறவர் தம் விளக்கு காட்டுகிற தூரத்துக்குள் நிறுத்திவிடலாம். நூறில் போகிறவர் முடியாது. எந்தக் கருவியின் விளம்பரத்தைவிடவும் இந்த மூன்று எண்கள் பயனுள்ளவை.

கழனியில் வைத்த கருவியும் அப்படியே

சாலைக்கு என்று விற்றது மட்டுமல்ல. பயிரைக் காக்கவும் மேய்ச்சல் நிலத்தைக் காக்கவும் 'ரூ கார்டு' என்ற பெயரில் இதே குடும்பத்துக் கருவி ஒன்று பண்ணையாளர்களுக்கு விற்கப்பட்டது. நட்டுவைத்து இயக்கிவிட்டால் கங்காரு நெருங்காது என்றார்கள். இதையும் பெண்டர் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார். கருவி இருந்த இடத்தில் காட்டுக் கங்காருக்களின் நடமாட்டம் குறையவில்லை. மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாமர் வாலபி என்ற சிறு இனத்திடம் இதையே சோதித்து 2006இல் எழுதினார்கள். தீனி வைத்த இடத்தில் கருவியை ஒலிக்கவிட்டபோதும் அவை வந்து தின்றுவிட்டுத்தான் போயின.

வண்டியைப் போல ஓட்டமில்லை, இரைச்சலில்லை, இரண்டு வினாடி நெருக்கடியும் இல்லை. நின்ற இடத்தில் இரவெல்லாம் ஒலித்தும் விலங்கு பொருட்படுத்தவில்லை. நின்று ஒலித்ததற்கே அஞ்சாத விலங்கு, ஓடிக்கொண்டு ஒலிப்பதற்கு அஞ்சும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் மானுக்காக இதே முயற்சி முன்பே நடந்து முடிந்திருக்கிறது. யூட்டா மாநிலத்தில் சாலையோர மான் கூட்டங்கள் 150ஐ, ஊதல் பொருத்திய வண்டியோடும் பொருத்தாத வண்டியோடும் கடந்து போய்ப் பார்த்து 1992இல் முடிவு சொன்னார்கள்: மான்கள் வேறுபாடு காட்டவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் ஊதலை விட்டுவிட்டு, வண்டியில் நல்ல ஒலிபெருக்கியையே பொருத்தி, கனத்த ஒலி முதல் மீயொலி வரை ஐந்து விதமான ஒலிகளைச் சாலையோர மான்களுக்கு ஒலித்துக் காட்டி 2009இல் எழுதினார்கள். எதுவும் மானைச் சாலையிலிருந்து விலக்கவில்லை. மிகக் கனத்த ஒலிக்கு மான்கள் மோதலுக்கு இடங்கொடுக்கும் விதமாக நடந்துகொண்டது அதிகமாயிற்றாம்! விரட்டப் போய் அழைத்த கதை.

ஆனாலும் ஏன் நம்புகிறார்கள்?

"பூட்டி ஒரு வருஷமாகிறது, ஒன்றுகூட மோதவில்லை" என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். மோதாமல் இருந்தது உண்மைதான். கருவியால்தான் மோதவில்லை என்பது மட்டும் நிரூபணமாகவில்லை.

ஒருவர் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கங்காருவில் மோதுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நூறு பேர் வெறும் மரப்பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டாலும், முதல் வருஷத்தில் ஏறக்குறைய அறுபது பேருக்கு மோதல் நேராது. அந்த அறுபது பேரும் மரப்பெட்டிக்குச் சாட்சி சொல்வார்கள். மோதிய நாற்பது பேர், "நம் போதாத காலம்" என்று வாயை மூடிக்கொள்வார்கள். மேலும், கருவியை எப்போது வாங்குகிறார்கள்? ஒரு மோதல் நடந்து கைக்காசு போன மறுவாரம். அதன்பிறகு சில மாதமாவது பயத்தோடு மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். அந்தப் பயத்தின் பலனும் கருவியின் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. நம் லாரிகளில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டுகிறார்கள். அதற்கும் இதே விதமான சாட்சிகள் உண்டு. அது சில ரூபாயோடு போகிறது என்பதுதான் வித்தியாசம்.

பயிரில் அசுவினி விழுந்திருக்கும்போது மருந்து அடிக்கிறோம். அன்றிரவே நல்ல மழை. இரண்டு நாளில் பூச்சி இல்லை. மருந்து கேட்டதா, மழை கழுவியதா? மருந்து அடிக்காத ஒரு பாத்தியைப் பக்கத்தில் விட்டுவைத்திருந்தால்தான் தெரியும். செயல்விளக்கத் திடலில் ஏன் ஒரு பாத்தியைச் சும்மா விடுகிறார்கள் என்று கேலி செய்த விவசாயிகள்கூட அறுவடையன்று அதன் அருமையை ஒப்புக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியச் சாலையில் அந்தச் சும்மா விட்ட பாத்தி, கருவி பூட்டாத வண்டிதான். அதை எண்ணாமல் பூட்டிய வண்டியை மட்டும் எண்ணுகிற எந்தக் கணக்கும் கணக்கல்ல.

மழையும் இதில் விளையாடுகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புரோக்கன் ஹில் நகருக்கு அப்பால் ஓடும் சில்வர் சிட்டி நெடுஞ்சாலையில் கங்காரு இறப்புகளை எண்ணி, 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, வறட்சிக் காலத்தில் சாலைச் சாவுகள் பன்மடங்கு அதிகமாகவும், மழைக்குப் பின் மிகக் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. காரணத்தை விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. தார்ச் சாலையில் விழும் சிறு தூறலும் வழிந்து இரு ஓரத்திலும் இறங்குகிறது. சுற்றுப்புறமெல்லாம் கருகிக் கிடக்கும்போது அந்த ஓரத்தில் மட்டும் பசும்புல் தலை காட்டுகிறது. நம் வாய்க்கால் வரப்பில் கோடையிலும் புல் இருப்பது போலத்தான். வறட்சியில் மோதியவர் கருவியை வாங்குகிறார், மழை பெய்கிறது, கங்காரு உள்காட்டுக்குப் போய்விடுகிறது, கருவி வெற்றி என்று பெயர் வாங்குகிறது.

காலடி ஓசையும் நீலவிளக்கும்

கங்காருவை எந்த ஒலியுமே அசைக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆபத்தைக் கண்டதும் கங்காரு பின்காலால் தரையை ஓங்கித் தட்டும். மற்றவை அதைக் கேட்டுச் சிதறும். இந்தத் தட்டொலியைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்தபோது கிழக்குச் சாம்பல் கங்காருக்கள் தலை நிமிர்ந்தன, பல எழுந்தும் ஓடின. இயந்திர ஒலியைவிடச் சொந்த இனத்தின் மொழிக்கு மதிப்பு அதிகம் என்பதில் வியப்பில்லை. ஆனால் வண்டிக்கு இது உதவுமா என்பது வேறு கேள்வி. தட்டொலி 'ஆபத்து' என்கிறது. 'இடப்பக்கம் ஓடு' என்று சொல்வதில்லை. பதறிய கங்காரு சாலையைக் குறுக்கே கடந்துதான் தன் கூட்டத்தோடு சேருமென்றால், ஒலிக்காமல் இருந்ததே மேல். ஒன்று தாண்டினால் பின்னாலேயே மற்றொன்று தாண்டும் இயல்பும் இவற்றுக்கு உண்டு.

டாஸ்மேனியாத் தீவில் கருவியை வண்டியில் வைக்காமல் சாலையோரக் கம்பங்களில் வைத்துப் பார்த்தார்கள். வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் கம்பத்திலுள்ள கருவி ஒலி எழுப்பி, நீலமும் மஞ்சளுமாக ஒளி வீசும். கம்பிக்குப் பதிலாக ஒலியும் ஒளியுமே வேலி என்று பெயர் வைத்தார்கள். மேற்குக் கரையில் மூன்று ஆண்டு நடந்த முதல் ஆய்வு விலங்கு இறப்புகள் பாதியாகக் குறைந்தன என்றது. செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு வந்த மறுஆய்வாளர்கள், அந்தச் சோதனை அமைக்கப்பட்ட விதத்திலேயே குறைகள் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். 2019இல் வெளியான வேறொரு டாஸ்மேனியச் சோதனையில், கருவியை மாற்றி மாற்றி இயக்கியும் நிறுத்தியும் பார்த்தபோது தெளிவான பலன் எதுவும் கிடைக்கவில்லை. இங்கேயும் சும்மா விட்ட பாத்திதான் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

தீமை ஒன்றுமில்லையே என்பவர்களுக்கு

பயனில்லாவிட்டாலும் தீமையில்லையே, வண்டியில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று வாதிப்பவர்கள் உண்டு. இந்த வாதம் ஏற்கத்தக்கதல்ல. கருவி பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில், அந்தியில் 70இல் போகவேண்டியவர் 100இல் போவார். முன்பு இருட்டுவதற்குள் கிளம்பியவர், கடையில் இன்னும் அரை மணி உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புவார். ஒலிக்கிற பெட்டியை நம்பி, கண்ணை நம்புவதை ஒருவர் குறைத்துக்கொண்டால் அந்தப் பெட்டி தீமை செய்கிறது என்றே பொருள். போன காசு வேறு.

பயன் தருகிறவை என்று ஆஸ்திரேலியாவில் அனுபவத்தில் கண்டவை பெரும்பாலும் காசில்லாதவை. அந்திக்கும் விடியலுக்கும் இடையே பயணத்தைத் தவிர்ப்பது முதலாவது. தவிர்க்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து, எதிர் வண்டி இல்லாத இடத்தில் உயர்விளக்குப் போட்டு, இரு ஓரத்தையும் பார்த்துக்கொண்டு போவது. ஒரு கங்காருவைக் கண்டால் இன்னும் நான்கு அருகே இருக்கும் என்று கொள்வது. மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாமல் நேர்க்கோட்டிலேயே பிரேக் பிடிப்பது; இதை அங்கே சாலைப் பாதுகாப்புத் துறையினர் ஓயாமல் சொல்கிறார்கள். முன்புற இரும்புத் தடுப்பு ரேடியேட்டரைக் காப்பாற்றும், விலங்கைக் காப்பாற்றாது. அரசு செய்யவேண்டியது வேறு: அதிகம் சாகும் இடங்களைக் கண்டறிந்து அங்கே உயர்ந்த வேலி போட்டு, சாலைக்கு அடியில் விலங்கு கடந்துபோக வழி விடுவது. கிலோ மீட்டர் கணக்கில் வேலி போடச் செலவு மிக அதிகம்; ஆகவே எல்லாச் சாலைக்கும் இது நடக்காது. சாலையோரப் புல்லை வெட்டி வைத்தால் ஓரத்தில் நிற்கும் விலங்கு முன்கூட்டியே கண்ணில் படும். ஆனால் வெட்டிய பின் தளிர்க்கும் இளம்புல் விலங்கை அழைக்கவும் செய்யும் என்பதால் காலம் பார்த்துச் செய்யவேண்டும்.

அடிபட்ட பெண் கங்காருவின் பையில் குட்டி உயிரோடு இருப்பதுண்டு. அங்குள்ளவர்கள் வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திப் பையைப் பார்த்துவிட்டே செல்கிறார்கள். குட்டி இருந்தால் வனவிலங்கு மீட்புக் குழுவினருக்குத் தகவல் தருகிறார்கள். கங்காரு கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டிலும் இந்தப் பழக்கம் இருப்பது குறிப்பிடத்தக்கது.

நம் விவசாயிகளுக்கு இதில் என்ன?

கங்காரு நம் சாலையில் இல்லை. ஆனால் நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் மரவள்ளியிலும் புகும் காட்டுப்பன்றி இருக்கிறது. விதைத்த மறுநாளே இறங்கும் மயில் இருக்கிறது. வீட்டுக்குள் எலி இருக்கிறது. இவற்றை விரட்டும் ஒலிக் கருவி என்று கடைகளிலும் கண்காட்சிகளிலும் பலவிதப் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. எல்லாமே ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்வது முறையல்ல. நாய் குரைக்கும் ஒலி, ஆள் அதட்டும் ஒலி இவற்றுக்குச் சில நாளாவது மிரட்சி இருக்கத்தான் செய்கிறது. தகரத்தைத் தட்டியும் வெடி போட்டும் இரவுக் காவல் இருந்தவர்களுக்கு, முதல் வாரம் ஓடிய பன்றி மூன்றாம் வாரம் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் தோண்டத் தொடங்கிய அனுபவம் இருக்கும். தின்பதற்குப் பயிர் இருக்கிறது, ஒலியைத் தொடர்ந்து அடியோ கடியோ வருவதில்லை என்று கண்டுகொண்ட விலங்குக்கு ஒலி வெறும் ஒலிதான். அதிலும் 'மனிதருக்குக் கேட்காது, விலங்குக்கு மட்டும் கேட்கும்' என்று சொல்லி ஏக்கர் கணக்கில் காக்கும் என்று விற்கப்படும் பெட்டியைக் கண்டால், மேலே சொன்ன ஜால்ராக் கணக்கை நினைத்துக்கொள்ளவேண்டும்.

விற்க வருபவரிடம், இதைப் பூட்டாத வயலோடு ஒப்பிட்டு யார், எங்கே, எத்தனை நாள் பார்த்தார்கள் என்று கேட்கலாம். பயன்படுத்தியவர் கடிதங்களை நீட்டினால் அது பதில் ஆகாது. கருவியை ஒரு மாதம் வயலில் விட்டுவைத்து, பிறகு பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்றும் கேட்கலாம். சம்மதித்தால் ஒரு வாரம் ஓடவிட்டு, ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தவேண்டும். தினமும் காலையில் வரப்பைச் சுற்றி வந்து, பன்றித் தடம் எத்தனை, பிடுங்கிய செடி எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதவேண்டும். முதல் இரண்டு வாரத்தோடு முடிவு கட்டக்கூடாது. பின் இரண்டு வாரத்தையும் பார்க்கவேண்டும். தடம் எண்ணும் வேலையை வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து, எந்த வாரம் கருவி ஓடியது என்பதை அவரிடம் சொல்லாமல் வைத்திருப்பது நல்லது.